முழங்கால் உயரத்தில் ஓர் அறிவிப்பு

நூற்றிருபது வீடுகள் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போர்டு அக்காவின் கையெழுத்தைத் தெரியாதவர் கிடையாது. முகத்தைத் தெரியாதவர்கள் நிறைய உண்டு. நுழைவாயிலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள சின்ன அறைதான் பராமரிப்பு அலுவலகம். அங்கே நாங்கள் நான்கு பேர். எழுத்தர் வேலைக்கு அக்கா, விளக்கு மாட்ட மின்வேலைக்காரர், செடிகளுக்குத் தோட்டக்காரர், குழாய்க்கு நான். நான் மனிதர்களை அவர்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்ப்பவன். ஆகையால் எனக்கு யார் மேலும் பெரிய மரியாதை கிடையாது.

அக்கா வேலைக்கு வந்த முதல் வாரமே அலுவலக பிரிண்டர் படுத்துவிட்டது. அறிவிப்பு ஒன்றை மார்க்கர் பேனாவால் கையால் எழுதி ஒட்டினார். இரண்டு நாள் கழித்து பிரிண்டரைப் பழுதுபார்க்க வந்தவர் பலகையைப் பார்த்தார். "இப்படி எழுத ஆள் இருக்கறப்ப அந்த டப்பா எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு, பையைத் திறக்காமலே போய்விட்டார். பிரிண்டர் இன்றுவரை மூலையில் இருக்கிறது. அதன்மேல் தண்ணீர்க் குடம் வைத்திருக்கிறோம்.

அந்தக் கையெழுத்தை அழகு என்று சொன்னால் சரியாக வராது. சுழி, வளைவு, அலங்காரம் என்று ஒன்றும் இருக்காது. ஓர் எழுத்து இன்னொன்றை இடிக்காது. வார்த்தைக்கு வார்த்தை ஒரே இடைவெளி. கண் முதல் எழுத்தில் கால் வைத்தால் கடைசி எழுத்தில்தான் போய் நிற்கும். படித்தோம் என்பதே தெரியாது, விஷயம் மனதுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். சிரமமில்லாமல் உள்ளே வந்தது நல்லதாகத்தான் இருக்கும் என்று மனிதன் நினைத்துக்கொள்கிறான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பலகைக்கு எதிரில்தான் தண்ணீர்த் தொட்டியின் வால்வு இருக்கிறது. அதைப் பதினாறு வருடம் திறந்து மூடியே கண்டுபிடித்தேன்.

அக்காவுக்கு முன்னால் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். எல்லா வீட்டு ஜன்னலுக்கும் இலவசமாகக் கொசுவலை அடித்துத் தருகிறோம் என்று ஒரு முறை எழுதி ஒட்டினார். அவர் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதித்துக்கொண்டு நிற்கும். ஜனங்கள் பத்து நிமிடம் முறைத்துப் பார்த்து, பாதி புரிந்து, கொதித்துப்போய் உள்ளே வந்தார்கள். "இலவசமாம்ல? இதுல ஏதோ உள்குத்து இருக்கு! எங்க ஜன்னல்ல கை வைக்க நீங்க யாரு?" கொசுவலைத் திட்டம் அன்றோடு செத்தது. கொசுக்களுக்கு மட்டும்தான் அந்த எழுத்து பிடித்திருந்தது.

அதே பலகையில் அக்கா எழுதிய முதல் கெட்ட செய்தி: "திங்கள் முதல் மூன்று நாட்களுக்குத் தண்ணீர் வராது." நான் திட்டு வாங்கத் தயாராக, ஹெல்மெட் மட்டும் போடாத குறையாக நின்றேன். ஆறாம் மாடி அம்மா ஒருவர் படித்தார். முகம் மலர்ந்தது. "எவ்வளவு பொறுப்பா சொல்லியிருக்காங்க பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த மூன்று நாளும் எனக்கு ஒரு வீட்டிலும் திட்டு விழவில்லை. எனக்கே பயமாகிவிட்டது. லிஃப்ட் காலவரையின்றி நிறுத்தப்படுகிறது என்று எழுதியபோது, இரண்டு கையிலும் மூட்டையோடு நின்ற ஒருவர் "இதுதான் நிர்வாகம்!" என்று பாராட்டிவிட்டு எட்டு மாடி ஏறினார்.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவர் அக்காவிடம் விருப்பத்தைச் சொல்ல, அக்கா அவருக்கு ஒரு பக்கத்தில் மறுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். "உங்களைப் பிடிக்கவில்லை. இனிமேல் பேச வேண்டாம்" என்று தெளிவாகவே எழுதியிருந்தார். அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினாராம். "வேண்டாம்னு சொல்றதையே இவ்வளவு இதமா சொல்ற பொண்ணு, சரின்னு சொன்னா எப்படி இருக்கும்!" என்று நண்பர்களிடம் உருகினாராம். விஷயம் காதுக்கு வந்து, அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரிப்பு வந்தபின் கோபம் எங்கே நிற்கும்? அவர்தான் மாமா. இப்போது கால் முட்டி தேய்ந்து வீட்டில் இருக்கிறார். இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். அக்கா எழுதித் தந்த விடுப்புக் கடிதம் ஒன்றுகூட இதுவரை நிராகரிக்கப்பட்டதில்லை என்பதில் அந்தப் பெண்களுக்கு அளவில்லாத பெருமை. வீடு மொத்தமும் அக்கா வேலையை நம்பித்தான் ஓடுகிறது.

இந்தக் கையெழுத்தின் சக்தியை முதலில் மோப்பம் பிடித்தவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நல்ல செய்தி என்றால் பெரும்பாலும் அவரே ஒலிபெருக்கியில் சொல்வார். கெட்ட செய்தி என்றால் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வருவார். "நீங்க எழுதிடுங்கம்மா. உங்க கையால எழுதுனா ஜனங்க தேன் மாதிரி குடிச்சிருவாங்க." அக்காவும் பூரித்துப்போய் எழுதுவார். பாராட்டுக்கு மயங்காத எழுத்தர் இன்னும் பிறக்கவில்லை.

போன மாதம் அப்படித்தான் ஒரு தாளோடு வந்தார். வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

பராமரிப்பு அலுவலகம் அடுத்த மாதத்தோடு மூடப்படும். ஊழியர்கள் நால்வரும் விடுவிக்கப்படுவார்கள். இனி எல்லா வேலைக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை அழைத்தால் போதும். அதற்குக் கீழே அந்த நிறுவனத்தைப் பற்றி இரண்டு பக்கம் புகழ்ச்சி. இதுதான் தாளில் இருந்தது.

சங்கத்தின் விதிப்படி எந்த முடிவையும் ஏழு நாள் பலகையில் போட வேண்டும். அதற்குள் இருபத்தைந்து வீடுகள் எதிர்ப்பு எழுதிப் பெட்டியில் போட்டால், பொதுக்கூட்டம் கூட்டியாக வேண்டும். இல்லையென்றால் முடிவு தானாகவே நிறைவேறிவிடும்.

"சார், இது எங்களைத்தான..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"வருத்தமாத்தாம்மா இருக்கு. என்ன பண்றது, காலம் மாறுதில்ல?" என்றார் செயலாளர். "நீங்களே எழுதிடுங்க. வேற யாரும் எழுத வேணாம். ஒரு வார்த்த விடக்கூடாது. ஒட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பாத்துடறேன்."

அவர் போனதும் மின்வேலைக்காரர் செயலாளரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். தோட்டக்காரர் கையிலிருந்த கத்தரியைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அக்கா மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு தாளை எடுத்து முதல் நான்கு வரியை எழுதினார். என்னிடம் நீட்டினார்.

"படிச்சுப் பாரு தம்பி. எப்படி இருக்கு?"

படித்தேன். என் வேலை போகப்போகிறது என்ற செய்தியைத்தான் படிக்கிறேன். படித்து முடித்ததும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "பரவாயில்லக்கா, நியாயமான முடிவாத்தான் தெரியுது." சொன்ன பிறகுதான் தூக்கிவாரிப்போட்டது. மின்வேலைக்காரர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவரும் வாங்கிப் படித்தார். "ம்... நல்லாத்தான்யா எழுதியிருக்கு" என்று முனகினார்.

"இருபத்தஞ்சு வீடு எதுக்குடா எதிர்க்கும்?" என்றார் அக்கா. "ஒரு வீடுகூட எதிர்க்காது. என் கையாலயே என் குடும்பத்த நடுத்தெருவுல விடப்போறேன்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"மோசமா எழுதுங்கக்கா" என்றேன்.

முயன்றார். பாவம், அந்த இரண்டு நாளும் அவர் பட்ட பாடு! இடது கையால் எழுதினார். கொஞ்சம் சாய்ந்து வந்ததே தவிர, பார்க்க இன்னும் இதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினார். அப்போதும் வரி கோணவில்லை. லிஃப்டில் ஏறி, மேலும் கீழும் போய்க்கொண்டே எழுதலாம் என்று நான் யோசனை சொன்னேன். தாளைச் சுவரில் வைத்துக்கொண்டு எட்டு மாடி போய் வந்தார். உள்ளே ஏறிய ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "ஆகா, அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். மை தீர்ந்த பேனாவால் எழுதியபோது மூன்றாம் மாடிப் பெண் ஓடிப்போய்ப் புதுப் பேனா கொண்டுவந்து கொடுத்தது.

"என் கை என் பேச்சையே கேக்க மாட்டேங்குதுடா" என்று அக்கா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போய் வால்வை மூடிவிட்டு வந்தேன். ஒரு கால் மணி நேரம் ஒருவருக்கும் தண்ணீர் வரவில்லை.

வழி காட்டியது ஓர் ஊஞ்சல்தான். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் புது ஊஞ்சல் போடப்போகிறோம் என்று அக்கா முந்தின வாரம் எழுதி ஒட்டியிருந்த தாள், ஊசி கழன்று பலகையின் அடிச்சட்டத்தில் வந்து விழுந்திருந்தது. ஒரு தகப்பன் அதைப் படிக்கக் குனிந்தார். கண்ணாடியில் வெயில் பட்டுக் கூசியது. கண்ணை இடுக்கினார், நெற்றியைச் சுருக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாகப் படித்து நிமிர்ந்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஊஞ்சலாம், ஊஞ்சல்! இதுதான் இப்ப ரொம்ப முக்கியம்!" என்று சத்தம் போட்டுக்கொண்டே போனார். போன வருடம் பூராவும் ஊஞ்சல் வேண்டுமென்று மனு மேல் மனு கொடுத்தவர் அவர்தான்.

ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, எழுத்து அதே எழுத்துதான?"

"அதே எழுத்துதான்க்கா."

"அப்ப நான் மோசமா எழுத வேண்டியதில்ல. அவங்க மோசமா படிச்சா போதும்."

அன்று மதியமே உட்கார்ந்தார். செயலாளர் கொடுத்ததில் ஒரு வார்த்தை விடாமல், நிறுவனத்தின் புகழ்ச்சி உட்பட, எல்லாவற்றையும் அரைத் தாளில் எழுதி முடித்தார். ஒவ்வோர் எழுத்தும் கடுகு அளவு. ஆனால் கடுகிலும் ஒழுங்கு குறையவில்லை, அதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. செயலாளர் சரிபார்க்க வந்தார். அவருக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தாளை மூக்கு நுனிக்குக் கொண்டுபோனார். அப்படிப் பார்த்தால் அவருக்கு எறும்பின் காலில் உள்ள முடியும் தெரியும்.

"முத்து முத்தா இருக்கும்மா!" என்றார். "ஆனா கொஞ்சம் சின்னதா இல்ல?"

"ஒரு வார்த்த விடக்கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. முழுசா எழுதணும்னா இப்படித்தான் வரும்."

"அதுவும் சரிதான்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வாரமே மகள் வீட்டுக்கு வெளியூர் கிளம்பிவிட்டார்.

பலகையில் போட வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. பலகையில் எங்கே என்று சொல்லவில்லை. அக்கா மேல்பகுதி முழுக்கப் பெரிய பெரிய எழுத்தில் வேறு அறிவிப்புகளை நிரப்பினார். மாடிப்படியில் கிடந்த ஒற்றைச் செருப்பு அலுவலகத்தில் உள்ளது என்று முக்கால் பலகைக்கு ஒன்று. எங்கள் அறிவிப்பை வலது அடி மூலையில், முழங்கால் உயரத்தில், காலை வெயில் நேராக வந்து கண்ணாடியில் அடிக்கும் இடத்தில் ஊசி குத்தி நிறுத்தினார்.

மறுநாள் காலையிலிருந்து வேடிக்கைதான். முதல் ஆளாக ஐந்தாம் மாடி மாமா குனிந்தார். மூக்குக்கண்ணாடி நழுவியது. அதைப் பிடிக்கப் போய்ப் பலகைக் கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டார். "என்னமோ மறைக்கிறானுங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் இன்னும் நான்கு பேர் வந்து குனிந்தார்கள். ஓர் அம்மா போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் கண்ணாடியில் விழுந்த அவர் முகம்தான் தெரிந்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்த முகம். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தே படித்தார். எழுந்திருக்க முடியாமல் நான்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். தூக்கிவிட்ட என்னையும் திட்டினார். பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, திட்டு வாங்கி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேலே இருந்த செருப்பு அறிவிப்பு மட்டும் எல்லோருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. அந்த ஒற்றைச் செருப்புக்கு அந்த வாரம் மூன்று பேர் உரிமை கொண்டாடி வந்தார்கள்.

எதிர்ப்புப் பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. ஆறாம் நாள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நானும் ஒரு தாளை மடித்து உள்ளே போட்டேன். குடியிருப்பவர்கள்தான் போட வேண்டும். பெட்டியின் வாய்க்கு அது தெரியுமா? பெயர் போடவில்லை, வீட்டு எண்ணும் போடவில்லை. எனக்கு எழுத வராது. ஸ்பேனர் பிடித்த கை, பேனா பிடித்தால் அதையும் முறுக்கத்தான் பார்க்கும். ஆனாலும் மனதில் இருந்ததை இரண்டு பக்கம் எழுதினேன்.

ஏழாம் நாள் செயலாளர் வந்து பெட்டியைத் திறந்தார். அறுபத்திரண்டு தாள். மனிதர் வெலவெலத்துப் போய்விட்டார். "இந்தம்மா எழுதியுமா?" என்று மட்டும் கேட்டார். பொதுக்கூட்டத்தில் அந்த நிறுவனத்தின் அருமை பெருமைகளை அவர் விளக்க விளக்க, ஒரே கூச்சல். கழுத்து வலிக்காரர்கள் முன்வரிசையிலும் இடுப்பு வலிக்காரர்கள் பின்வரிசையிலும் நின்று கத்தினார்கள். அரை மணி நேரத்தில் முடிவு கைவிடப்பட்டது. அலுவலகம் மூடாது. எங்கள் நால்வரின் வேலையும் இருக்கும்.

தோட்டக்காரர் ஓவென்று அழுதார். மின்வேலைக்காரர் பகலிலேயே வளாகத்து விளக்கு அத்தனையையும் போட்டுவிட்டார்.

மறுநாள் அந்த அறுபத்திரண்டு தாள்களையும் கோப்பில் சேர்க்கும் வேலை அக்காவுக்கு வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அக்கா உற்சாகமாகச் சத்தம் போட்டுப் படித்தார்.

"எழுத்து மிகச் சிறியது. ஆகவே முடிவு தவறு." சிரித்தோம். "என் கழுத்துக்கு யார் பொறுப்பு?" அதற்கும் சிரித்தோம். "முடிவு என்னவென்று புரியவில்லை. ஆனாலும் வன்மையாகக் கண்டிக்கிறேன்." அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நெற்றி இடித்ததில் வீக்கம். புகைப்படம் இணைத்துள்ளேன்." இப்படியே முப்பது, நாற்பது போயின. ஐம்பதைத் தாண்டியபோது அக்காவின் சிரிப்பு குறைந்திருந்தது. தாள்களை வேகவேகமாகப் புரட்டினார். எதையோ தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

"தம்பி, பதினாலு வருஷம்" என்றார். "இவங்க வீட்டுக் கல்யாணம், பிறந்தநாள், வண்டி நிறுத்தற எடம், எல்லாம் நான்தான் எழுதியிருக்கேன். நீ இவங்க வீட்டு அடைப்பு பூரா எடுத்திருக்க. நாம இருக்கணும்னு ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எழுதலையேடா."

நான் கடைசித் தாளைக் கொடுத்தேன்.

அக்கா பிரித்தார். முகம் சுருங்கியது. இரண்டாம் வரிக்குள் உதடு கோணியது. "சீ, என்ன எழுத்து இது! கோழி கிளறுன மாதிரி. படிக்கவே எரிச்சலா வருது. எவனோ நம்ம மேல வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான். எழுத்தப் பாத்தாலே தெரியல?" என்று கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். போகவில்லை.

"அக்கா, அது நான் எழுதினது."

அக்கா என்னைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். குனிந்து அதை எடுத்து, மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவி நீவி நேராக்கினார். "என்னடா எழுதியிருக்க? படி" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் வரி எனக்கே புரியவில்லை. "தெரியலக்கா" என்றேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக் கேட்டார். "இது என்ன, 'க'வா? 'த'வா?" என்று கேட்பார். நான் யோசித்துச் சொல்வேன். அடுத்ததற்குப் போவார். இரண்டு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. போர்டு அக்கா இல்லாத ஆபீசில் எனக்கு வேலை வேண்டாம் என்றும், எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது, இவர்தான் என் அக்கா என்றும் எழுதியிருந்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒரு புள்ளியும் விடாமல் படித்து முடித்தார்.

"இது செல்லாது தம்பி" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "நீ இங்க குடியிருக்கறவன் இல்ல."

கோப்பில் அறுபத்தோரு தாளைக் குத்திக் கட்டினார். என்னுடையதை நான்காக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.